சின்னமலை எஸ்டேட்டின் சிரிப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிரிப்புப் படத்தையும் அதை எடுத்த இயக்குநரையும் பற்றி. படம் 'காதலிக்க நேரமில்லை'. இயக்குநர் ஸ்ரீதர். வெளியான நாள் 1964 பிப்ரவரி 27. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் படத்தில் நடித்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அதைத் தோட்டத் திடலில் அமர்ந்து பார்த்த நம் தாத்தா பாட்டிமாரில் பலரும் இல்லை. படம் மட்டும் இருக்கிறது. இன்றும் எந்த வீட்டிலாவது அந்தப் படம் ஓடினால், சமையற்கட்டில் இருக்கும் அம்மா கரண்டியோடு வந்து நிற்கிறார். கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத பையன் கண்ணெடுக்கிறான். ஏன்? அறுபது ஆண்டுக்கு முந்திய சிரிப்பு இன்னும் எப்படிச் செல்லுபடியாகிறது?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கேட்க வந்திருக்கிறேன்.

அன்பர்களே, சிரிப்பு சீக்கிரம் கெட்டுப்போகும் பண்டம். போன வருடத்துச் சிரிப்புத் துணுக்கு இந்த வருடம் புளித்துவிடுகிறது. அப்படியிருக்கச் சில படங்கள் மட்டும் நிற்கின்றன. சார்லி சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' படத்தை 1925இல் எடுத்தார். பனிக்காட்டில் பசி தாங்காமல், சப்பாத்தை வேகவைத்து, ஏதோ பெரிய விருந்து போலத் தட்டில் வைத்து வெட்டித் தின்பார். 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் தொழிற்சாலையில் நட்டு முடுக்கி முடுக்கி, இயந்திரம் நின்ற பிறகும் அவர் கை முடுக்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? பசி இருக்கிறது. வேலை இருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. மனிதனுக்குப் பசி இருக்கும்வரை, வேலை பற்றிய பயம் இருக்கும்வரை, சாப்ளின் பழசாக மாட்டார்.

நம் படத்துக்கும் இதே ரகசியம்தான். 'காதலிக்க நேரமில்லை' காதல் படம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்கிறேன், அது வேலை போன ஒருவனின் படம். அதுவும் ஓர் எஸ்டேட்டில் வேலை போனவனின் படம். மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு அது சொந்தக் கதை போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான்.

கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சின்னமலை எஸ்டேட். முதலாளி விஸ்வநாதன், நம் டி.எஸ். பாலையா. இரண்டு மகள்கள், காஞ்சனாவும் ராஜஸ்ரீயும். ஒரு மகன் செல்லப்பா, நாகேஷ். அந்த எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஏழை இளைஞன் அசோக், ரவிச்சந்திரன். முதலாளியின் மகள்களோடு ஒரு வாய்த்தகராறு. அவ்வளவுதான். வேலை போய்விடுகிறது. விசாரணை இல்லை, நோட்டீஸ் இல்லை. முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, ஆள் வெளியே.

இதுவரை இது சோகக் கதை. இதே கதை நம் தோட்டங்களில் எத்தனை முறை நடந்திருக்கிறது! கணக்குப் பார்க்கும் கிராணிக்குப் பிடிக்கவில்லை, வேலை போயிற்று. மேற்பார்வை பார்க்கும் தண்டலை எதிர்த்துப் பேசினான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் வாசிக்கவில்லை. வேலை போனால் வேலை மட்டுமா போகும்? லயத்து வீடு போகும். பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். மூன்று தலைமுறை தண்ணீர் ஊற்றிய முருங்கை மரம் போகும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துச் செம்மண் சடக்கில் நடக்க வேண்டியதுதான்.

ஆனால் படத்தில் அசோக் என்ன செய்கிறான்? அழுதானா? காலில் விழுந்தானா? பெட்டியைக் கட்டினானா? இல்லை! முதலாளியின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துவிடுகிறான். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆடிப் பாடி, வேலையைத் திரும்பக் கேட்கிறான். அந்தப் பாட்டின் முதல் அடியை நான் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இப்போது மனத்துக்குள் பாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். வேலை கேட்கிறவன் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்! ஐயா இல்லை, துரை இல்லை, எஜமான் இல்லை. வெறும் 'விஸ்வநாதன்'.

இது என்ன பெரிய விஷயம் என்று இளைஞர்கள் நினைக்கலாம். உங்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகள் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, மருத்துவம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும் என்பது அது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போகும் உரிமையைக்கூடப் போராடிக் கேட்க வேண்டியிருந்தது, ஐயா! நம் கெடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் பீடோங் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளிகளும் போலீசும் மோதிக்கொண்ட கதையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேட்டால் அடி விழுந்த காலம் அது.

அப்படிப்பட்ட வழியில் வந்த மக்கள், திரையில் ஒருவன் எஸ்டேட் முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆடிக்கொண்டே வேலை கேட்பதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? அது வெறும் பாட்டா? அது வெறும் ஆட்டமா? நெஞ்சுக்குள் எத்தனையோ காலமாக அடைத்துக் கிடந்தது சிரிப்பாக வெளியே வந்த நேரம் அது!

காலத்தையும் பாருங்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. அந்தத் துயரத்துக்கு விடையாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் தங்கள் சம்பளத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை வாங்கினார்கள். அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்! நாடெங்கும் வேலை வேலை என்று மனம் பதைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இந்தப் படம் வந்தது. ஸ்ரீதர் நம்மை நினைத்து இதை எடுக்கவில்லை. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாற்றில் எடுத்தார். ஆனால் உண்மையான கலைஞன் ஓர் ஊரைச் சரியாகப் பார்த்துவிட்டால் போதும், அவன் பார்க்காத ஊர்க்காரர்களும் அதில் தங்களைக் கண்டுகொள்வார்கள்.

சரி, அந்த முதலாளியைப் பார்ப்போம். பாலையாவின் விஸ்வநாதன் கெட்டவரா? இந்தப் படத்தில் வில்லனே கிடையாது. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, கற்பழிக்க வரும் முரடன் இல்லை. விஸ்வநாதனுக்கு ஒரே ஒரு நோய். பணக்காரன் என்று கேட்டால் முதுகு வளைந்துவிடும். அசோக் தன்னை ஒரு கோடீஸ்வரரின் ஒரே மகன் என்று சொன்னதும், நேற்றுவரை விரட்டப்பட்டவனுக்கு இன்று நாற்காலி வருகிறது, உபசாரம் வருகிறது. அந்தப் பணக்கார அப்பாவாக வேடம் போட்டு வருகிறவர் முத்துராமன். அசோக்கின் நண்பன், இளைஞன். வயதான வேடம், பணக்கார மிடுக்கு, அதட்டும் குரல். அவ்வளவுதான், எஸ்டேட் முதலாளி கைகட்டி நிற்கிறார்!

இதைவிட ஆழமான பாடம் உண்டா? பாலையா வணங்குவது மனிதனை அல்ல, வேடத்தை. உள்ளே இருப்பது ஒரு பையன். ஆனால் காசு இருக்கிறது என்று நம்பவைத்தால் போதும், கதவு திறக்கிறது. மேடை போட்டு ஒருவர் இரண்டு மணி நேரம் சமத்துவம் பேசினாலும் மனத்தில் இப்படிப் பதியாது. ஸ்ரீதர் பேசவில்லை. சிரிக்க வைத்தார். சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் நாமே யோசிக்கிறோம்: பெரிய மனிதர் என்று நாம் எழுந்து நின்றவர்களில் எத்தனை பேர் வேடம் போட்டவர்கள்?

இனி, எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். நாகேஷ் கதை சொல்லும் காட்சி!

செல்லப்பாவுக்குப் படம் எடுக்கும் ஆசை. கம்பெனிக்குப் பெயர் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்'. பணம் அப்பாவிடம் இருக்கிறது. அப்பாவை உட்கார வைத்துப் பேய்க் கதை சொல்லத் தொடங்குகிறான். அந்தக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். திரையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பேய் இருக்கிறதா? இல்லை. இருண்ட காடு இருக்கிறதா? இல்லை. ஓர் அறை, இரண்டு மனிதர்கள். ஒருவர் வாயால் காற்றை வரவழைக்கிறார், கதவை முனக வைக்கிறார், காலடி ஓசையை எழுப்புகிறார். இன்னொருவர் பயப்படுகிறார். அவ்வளவே! பாலையாவின் முகத்தைப் பாருங்கள். முதலில் அலட்சியம். பிறகு ஆர்வம். பிறகு கண் விரிகிறது. பிறகு உடம்பு ஒடுங்குகிறது. நாகேஷ் எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவையும் பாலையா வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். பாலையா இல்லாமல் நாகேஷ் இல்லை. சிரிக்க வைக்கிறவனுக்கு ஈடாக, சிரிக்காமல் பயப்படத் தெரிந்த ஒருவர் எதிரே வேண்டும். அது பெரிய நடிப்பு.

அங்கேயும் நடப்பது என்ன? ஊரையே அதட்டும் முதலாளி, சம்பாதிக்காத மகனின் வெறும் வாய்ச் சத்தத்துக்கு நடுங்குகிறார். படம் முழுக்க ஸ்ரீதர் செய்வது இந்த ஒரு காரியத்தைத்தான். பயத்தை ஏழையிடமிருந்து எடுத்து முதலாளியிடம் கொடுக்கிறார். துணிச்சலை முதலாளியிடமிருந்து எடுத்து வேலை போனவனிடம் கொடுக்கிறார். இதுதான் இந்தப் படத்தின் உயிர். இதுதான் அது அறுபது ஆண்டாக வாடாமல் நிற்பதற்குக் காரணம்.

எங்கள் தோட்டத்தில் இந்தப் படம் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்குப் பக்கத்துத் திடல். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி. முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பெயர் போடும் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். சிரிப்பு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழும். மறுநாள் விடியுமுன் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் வாளியும் உளியுமாக அவரவர் நிரைக்குள் இறங்கினோம். இருட்டில் எங்கிருந்தோ ஒரு குரல், நாகேஷைப் போலவே பேய்க் காற்றை ஊதியது. அடுத்த நிரையிலிருந்து ஓர் அக்காள், "அடப் பாவி, பால் மங்கைத் தட்டிவிட்டுட்டேன்டா!" என்று கத்தினார். காடு முழுக்கச் சிரிப்பு. தண்டலும் சிரித்தார். காலை ஐந்தரை மணிக்கு, கொசுக்கடிக்கு நடுவே, ரப்பர்க் காட்டில் மக்கள் சிரித்தார்கள் என்றால் அந்தப் பெருமை யாருக்கு? ஒரு பங்கு ஸ்ரீதருக்கு உண்டு.

யார் இந்த ஸ்ரீதர்? 1933இல் பிறந்து 2008இல் மறைந்தவர். 'காதலிக்க நேரமில்லை' எடுக்கும்போது அவருக்கு வயது முப்பதுதான். அதற்குள் தமிழ்நாட்டையே அழ வைத்திருந்தார். 1959இல் 'கல்யாண பரிசு'. 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', ஏறத்தாழ முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள். கைக்குட்டை நனையாமல் யாரும் வெளியே வரவில்லை. அழ வைத்தே பேர் வாங்கிய ஒருவர் மறுபடியும் அழ வைத்திருக்கலாம். அதுதான் பாதுகாப்பான வழி. அவரோ சிரிப்பைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் எப்படி? அழுகைக்குக் கொடுத்த அதே உழைப்பைச் சிரிப்புக்கும் கொடுத்தார். கறுப்பு வெள்ளையே வழக்கமாக இருந்த காலத்தில் வண்ணத்தில் எடுத்தார். ஒளிப்பதிவுக்கு ஏ. வின்சென்ட். இசைக்கு விஸ்வநாதன், ராமமூர்த்தி. பாட்டுக்குக் கண்ணதாசன். கதைக்கும் வசனத்துக்கும் கூட இருந்தவர் பள்ளித் தோழர் சித்ராலயா கோபு. செங்கற்பட்டுப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய நட்பு, திரையில் சிரிப்பாக மலர்ந்தது.

அதற்கு முன் நம் படங்களில் சிரிப்பு தனியாக ஒரு மூலையில் இருக்கும். கதாநாயகன் அழுவான், கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நடிகர் வந்துபோவார், மறுபடி கதாநாயகன் அழுவான். ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' படத்திலேயே தங்கவேலுவின் 'எழுத்தாளர் பைரவன்' அப்படி வந்தவர்தான். இங்கே ஸ்ரீதர் அந்தச் சுவரை உடைத்தார். கதாநாயகனும் சிரிக்க வைக்கிறான், அப்பாவும் சிரிக்க வைக்கிறார், மகனும் சிரிக்க வைக்கிறான், காதலும் சிரிப்பு, பொய்யும் சிரிப்பு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற ஒரு வேடம், அந்த வேடமே போய்ச் சிக்கலை உண்டாக்கும். முடிச்சுக்கு மேல் முடிச்சு. ஒரு காட்சியை உருவினால் அடுத்த காட்சி நிற்காது. அந்தக் கட்டுமானத்தின் வலிமைக்குச் சாட்சி வேண்டுமா? தெலுங்குக்குப் போயிற்று, 'பிரேமிஞ்சி சூடு'. ஹிந்திக்குப் போயிற்று, 1966இல் 'ப்யார் கியே ஜா', இயக்கியவர் ஸ்ரீதரே. அங்கே நாகேஷின் இடத்தில் மெஹ்மூத். மொழி மாறியது, முகம் மாறியது, சிரிப்பு மாறவில்லை!

கதாநாயகன் யார் என்று பாருங்கள். ரவிச்சந்திரன். அதுதான் அவருக்கு முதல் படம். அவர் பிறந்த ஊர் எது? கோலாலம்பூர்! இந்த நாட்டில் பிறந்து, படிக்கத் திருச்சிக்குப் போன பிள்ளை. எஸ்டேட் முதலாளியின் வாசலில் கூடாரம் அடித்து வேலை கேட்டவன் மலாயாவில் பிறந்த ஒருவன் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சிலர் சொல்வார்கள்: இது பணக்காரப் பெண்களும் காரும் பங்களாவும் நிறைந்த படம், ஏழையின் பாடு இதில் எங்கே இருக்கிறது என்று. நியாயமான கேள்வி. கூடாரம் அடித்தவனுக்குப் படத்தில் சங்கம் கிடையாது. அவனுக்கு வெற்றி கிடைப்பது காதலாலும் வேடத்தாலும். நம் வாழ்வில் அப்படிக் கிடைக்கவில்லை. நமக்குச் சங்கம் வேண்டியிருந்தது, போராட்டம் வேண்டியிருந்தது, வருடக்கணக்கில் காத்திருப்பும் வேண்டியிருந்தது. 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு கப்பலேறிய பல்லாயிரம் பேருக்கு எந்தப் பாட்டும் வேலையைத் திருப்பித் தரவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் போராட்டத்துக்கும் முன்னால் ஒன்று நடக்க வேண்டும். முதலாளியும் நம்மைப்போல ஒரு மனிதர்தான், அவருக்கும் பயம் உண்டு, பேராசை உண்டு, ஏமாறும் குணம் உண்டு என்று மனம் உணர வேண்டும். தலை நிமிர்வதற்கு முன் மனம் நிமிர வேண்டும். அந்த வேலையைச் சிரிப்பு செய்கிறது. யாரைப் பார்த்துச் சிரித்துவிட்டோமோ, அவரைப் பார்த்துப் பிறகு பழையபடி நடுங்க முடியாது.

இளைஞர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். நம் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, தாமான் என்னும் குடியிருப்புகளாகிவிட்டன. நம் துயரத்தைப் படமாக எடுத்தவர்கள் வந்துவிட்டார்கள். 2005இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' எடுத்தார், தேசிய அளவில் சிறந்த படமாகப் பரிசும் பெற்றது. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நம் சிரிப்பு? கிராணியைப் போல நடந்துகாட்டிய மாமா எங்கே? ஆயக்கொட்டகைப் பாட்டி சொன்ன கேலிக் கதைகள் எங்கே? கள்ளுக்கடைத் திண்ணையில் கட்டிய நாடகங்கள் எங்கே? அழுததை மட்டும் பதிவு செய்தால், நாளை வரும் தலைமுறை நம்மை அழத் தெரிந்தவர்களாக மட்டுமே அறியும். அது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' பாருங்கள். கூடாரக் காட்சி வரும்போது நிறுத்தி, உங்கள் தாத்தாவுக்கு வேலை போன கதையையும் சொல்லுங்கள். அடுத்து, எழுபது எண்பது வயதுப் பெரியவர்களிடம் போய், தோட்டத்தில் எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கடைசியாக, எழுதத் தெரிந்தவன் எழுதட்டும், படம் பிடிக்கத் தெரிந்தவள் படம் பிடிக்கட்டும். வெளிநாட்டு மலையும் பெரிய பங்களாவும் வேண்டாம். ஓர் அறையும் இரண்டு நல்ல நடிகர்களும் போதும் என்று ஸ்ரீதர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். கெடாவின் ஜெராய் மலையடிவாரத்திலிருந்து, நம் பேச்சில், நம் மனிதர்களோடு ஒரு சிரிப்புப் படம் வரட்டும். அதைப் பார்த்துச் சென்னைக்காரனும் சிரிக்கட்டும், யாழ்ப்பாணத்தானும் சிரிக்கட்டும். அந்தப் படத்தை எடுக்கப் போகிறவர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார் என்று நம்புகிறேன். அவருக்குத் தோள் கொடுக்க வேண்டியது நாம்.